வீட்டுப் பெரியவங்களை ரிஹாப்லயோ ஹோம்லயோ சேக்கணுமா? சேலத்துல இடம் தேடுறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

"நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணிக்கலாம்"னு டாக்டர் சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிருவாரு. நமக்குதான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன அப்பா, இல்ல இடுப்பெலும்பு ஒடைஞ்சு ஆபரேஷன் ஆன அம்மா, வீட்டுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, மாடியில வாடகை வீடு, பாத்ரூம் கதவுல வீல்சேர் நுழையாது. இந்த நெலமையில யாரோ குடுத்த நம்பருக்குப் போன் அடிச்சு மறுநாளே ஒரு ஹோம்ல கொண்டுபோய் விட்டுட்டு அப்புறம் அழுத குடும்பங்களை நெறைய பாத்துட்டேன். எங்க மாமனாருக்குப் பக்கவாதம் வந்தப்ப இடம் பாத்தோம், அதுக்கப்புறம் எங்க பெரியம்மாவுக்குப் பாத்தோம், தெரிஞ்சவங்க நாலு பேரு வீட்டுக்கும் கூடப் போயிருக்கேன். அதுல தெரிஞ்சுக்கிட்டதைத்தான் வரிசையா எழுதறேன். சொல்லப்போறதுல முக்கியமானது ஒண்ணுதான்: ஒரு ஹோம் நல்லதா கெட்டதான்னு பகல்ல தெரியாதுங்க, ராத்திரி அங்க யாரு இருக்காங்கங்கறதுலதான் தெரியும். மத்ததெல்லாம் இதைச் சுத்தித்தான்.

முதல்ல, உங்களுக்கு வேண்டியது எதுன்னு முடிவு பண்ணுங்க

ரிஹாப்புன்னா மறுவாழ்வு சிகிச்சை, ஒரு குறிக்கோளோட போறது. எழுந்து உக்காரணும், வாக்கர் புடிச்சு பாத்ரூம் வரைக்கும் நடக்கணும், தானா ஸ்பூன் புடிச்சு சாப்பிடணும், அப்புறம் வீட்டுக்குத் திரும்பணும். அதுக்குப் பிசியோதெரபி தினமும் நடக்கணும், பேச்சு வரலைன்னா ஸ்பீச் தெரபி, கை வேலைக்கு ஆக்குபேஷனல் தெரபி. இன்னொண்ணு நீண்டகாலப் பராமரிப்பு. டிமென்ஷியா (மறதி நோய்) முத்திப்போனவங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்க, தனியா விடவே முடியாதவங்களுக்கு இதுதான். மூணாவது, நடமாட்டமெல்லாம் இருக்கு, ஆனா சமைச்சுப் போடவும் மாத்திரை எடுத்துக் குடுக்கவும் பேச்சுத்துணைக்கும் ஆள் வேணும்ங்கற முதியோர் இல்லம். இந்த மூணையும் ஒரே கட்டடத்துல பண்றோம்னு சொல்றவங்க இருப்பாங்க. அப்படிச் சொன்னா அந்த மூணுல எதுக்கு அங்க ஆள் இருக்குன்னு கேளுங்க, பெரும்பாலும் ஒண்ணுக்குத்தான் இருக்கும்.

பக்கவாதம்னா முதல் மூணு மாசம்தான் தங்கமான காலம். மூளை பழசைத் திரும்பக் கத்துக்கறது அந்தச் சமயத்துலதான் வேகமா நடக்கும், ஆறு மாசம் வரைக்கும் நல்ல முன்னேற்றம் இருக்கும், அதுக்குமேலயும் மெதுவா இருக்கும். அதனால "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும், அப்புறம் பிசியோ பாத்துக்கலாம்"னு தள்ளிப்போடாதீங்க. எங்க சொந்தத்துலயே ஒருத்தர் பக்கவாதத்துக்கு எண்ணெய் வைத்தியம்னு ஒரு இடத்துக்குப் போயி, அங்க இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தச் சொன்னதால பிபி மாத்திரையும் ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையும் நின்னுபோயி ரெண்டாவது தடவை அட்டாக் வந்துருச்சு. எண்ணெய் தடவறது உங்க இஷ்டம், மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லாம நிறுத்தவே கூடாது.

இடுப்பெலும்பு ஆபரேஷன் வேற கதை. அதுல பெரும்பாலும் மறுநாளே வாக்கர் வெச்சு நிக்க வெச்சுருவாங்க, சீக்கிரம் நடந்தாதான் நுரையீரல்ல சளி கட்டாது, கால்ல ரத்தம் கட்டாது. ஆபரேஷன் ஆன நெறைய பேரை வீட்டுலயே பாத்துக்க முடியும், வெஸ்டர்ன் டாய்லெட்டும் ஒரு ஆளும் இருந்தா. ஹோம் தேவையில்லைன்னு டாக்டரே சொன்னா அவசரப்பட்டு சேக்க வேண்டாம்.

டிஸ்சார்ஜ் ஆகறதுக்கு முன்னாடி வார்டுலயே முடிக்க வேண்டியது

இதுலதான் நெறைய பேரு கோட்டை விடறாங்க. ஆஸ்பத்திரியை விட்டு வெளிய வந்துட்டா அப்புறம் யாரும் நின்னு பதில் சொல்ல மாட்டாங்க, அதனால உள்ள இருக்கறப்பவே டாக்டர்கிட்ட நேரா கேளுங்க: இவரு எவ்வளவு தூரம் தேறுவாரு, மூணு மாசத்துல என்ன எதிர்பாக்கலாம்? முழுங்கறது சரியா இருக்கா, அதுக்கு டெஸ்ட் பண்ணீங்களா? ட்யூப் எப்ப எடுக்கணும், எப்ப மாத்தணும்? எந்த மாத்திரை வாழ்க்கை முழுசும், எது கொஞ்ச நாளைக்கு? பதிலை நோட்டுல எழுதிக்கோங்க, எழுதறதைப் பாத்தாவே டாக்டரும் கொஞ்சம் நிதானமா சொல்லுவாங்க.

அப்புறம் வார்டு சிஸ்டர்கிட்ட போயி "அக்கா, எனக்கு ஒரு தடவை காமிச்சுக் குடுங்க"ன்னு கேளுங்க. மூக்குல போற ரைல்ஸ் ட்யூப்ல கஞ்சி ஊத்தறது, யூரின் பேக் காலி பண்றது, பெட்ல புரட்டிப் படுக்க வெக்கறது, பேம்பர்ஸ் மாத்தறது. ஹோம்லதானே விடப்போறோம், நமக்கெதுக்குன்னு நெனைக்காதீங்க. உங்களுக்குச் சரியான முறை தெரிஞ்சாதான் அங்க தப்பா பண்ணா கண்டுபிடிக்க முடியும். ட்யூப்ல ஊத்தறப்ப தலைமாடு 30ல இருந்து 45 டிகிரி ஒசந்து இருக்கணும், ஊத்தி முடிச்சு அரைமணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் அப்படியே இருக்கணும். படுக்க வெச்சே ஊத்துனா உணவு நுரையீரலுக்குள்ள போயி நிமோனியா வரும், வயசானவங்க உயிருக்கே அது ஆபத்து. யூரின் பேக் எப்பவும் இடுப்புக்குக் கீழதான் தொங்கணும், வண்டியில கூட்டிட்டுப் போறப்ப மடியில தூக்கி வெச்சுக்கிட்டா மூத்திரம் திரும்ப உள்ள போகும், அதுலயே இன்ஃபெக்ஷன் வந்துரும்.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் சிடி, கடைசி ரத்த டெஸ்ட், மாத்திரை சீட்டு எல்லாத்தையும் ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒண்ணு ஹோமுக்கு, ஒண்ணு உங்ககிட்ட. போட்டோவும் எடுத்து போன்ல வெச்சுக்கோங்க. ஒரிஜினலை ஹோம்ல குடுக்காதீங்க.

சேலத்துல எங்கெங்க பாக்கலாம்

கையில காசு இல்லாதவங்க முதல்ல போக வேண்டியது நம்ம ஜிஎச், மோகன் குமாரமங்கலம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. அங்க பிசியோதெரபி இருக்கு, காசு கிடையாது, கூட்டம் இருக்கும், காலையிலேயே போயிரணும். வெளியூர்ல இருந்து, வாழப்பாடி ஆத்தூர் பக்கத்துல இருந்தெல்லாம் தினமும் கூட்டிட்டு வர முடியாதுன்னா மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல கேளுங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம், பிபி சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து குடுக்கறது மட்டும் இல்ல, படுக்கையில இருக்கறவங்களுக்கு வீட்டுல பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் அதுல இருக்கு. உங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுக்கணும். இது இருக்கறதே நெறைய பேருக்குத் தெரியறதில்ல, மாத்திரை குடுக்க வர்ற அம்மாகிட்டயே கேட்டாக்கூட சொல்லுவாங்க.

தனியார்ல ரிஹாப் சென்டரும் ஹோமும் டவுனுக்குள்ளயும் வெளியயும் இருக்கு. ஹஸ்தம்பட்டி, அஞ்சு ரோடு, அழகாபுரம் பக்கம் இருந்தா பெரிய ஆஸ்பத்திரிங்க பக்கத்துலயே இருக்கும், வாடகை ஜாஸ்திங்கறதால ஹோம் கட்டணமும் ஜாஸ்தி இருக்கும். ஊருக்கு வெளிய போகப் போக இடம் விசாலமா, மரமெல்லாம் இருக்கும், ஆனா நீங்க எத்தனை நாளைக்கு ஒருதடவை போவீங்கன்னு உண்மையா யோசிச்சுப் பாத்துக்கோங்க. என் கருத்து என்னன்னா, வசதி கம்மியா இருந்தாலும் நீங்க வேலை முடிஞ்சு வர்ற வழியில இருக்கற ஹோம்தான் நல்ல ஹோம்.

ஏற்காடு பத்தி நெறைய பேரு கேக்கறாங்க. ஜில்லுனு இருக்கும், அமைதியா இருக்கும், அப்பாவுக்குப் புடிக்கும்னு. நல்லா நடமாடற, மூச்சுப் பிரச்சினை இல்லாத பெரியவங்களுக்கு மலை மேல இருக்கறது சந்தோஷம்தான். ஆனா சுமார் 1,500 மீட்டர் உயரம், மார்கழி தை குளிர்ல ஆஸ்துமா வீசிங் உள்ளவங்களுக்கு நெஞ்சு அடைக்கும், மூட்டுவலி உள்ளவங்க எழுந்திரிக்கவே கஷ்டப்படுவாங்க. அதைவிட முக்கியம் ரோடு. அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சுவலின்னா அந்த வளைவெல்லாம் எறங்கிதான் சேலம் வரணும். 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு போக்குவரத்தே நின்னுச்சு, அந்த மாதிரி நாள்ல மேல இருக்கறவங்க மேலதான். ஞாயித்துக்கெழமை பாக்கப் போகலாம்னு நெனச்சா கோடை விழா சமயத்துல டூரிஸ்ட் வண்டிக்கு நடுவுல மாட்டிக்குவீங்க. பக்கவாதம், இருதயம், டயாலிசிஸ், ஆக்சிஜன் இதுல எது இருந்தாலும் கீழயே பாருங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

கீழ இருந்தா வெயிலைப் பாக்கணும். சேலத்து ஏப்ரல் மே வெயில் எல்லாருக்கும் தெரியும். சிமெண்ட் ஷீட் போட்ட ரூம்ல பெரியவங்களைப் படுக்க வெச்சா தண்ணி வத்திப்போயி மயங்கிருவாங்க, அவங்களுக்குத் தாகமே சரியாத் தெரியாது. காங்கிரீட் கூரையான்னு மேல பாருங்க.

இடம் பாக்கப் போறப்ப

முதல் தடவை சொல்லிட்டுப் போங்க, எல்லாத்தையும் சுத்திக் காட்டுவாங்க. ரெண்டாவது தடவை சொல்லாம போங்க, ராத்திரி ஏழரை எட்டு மணிக்கு. சாப்பாடு முடிஞ்சு பகல் சிஸ்டர் கெளம்பி ராத்திரி ஆள் வர்ற நேரம் அது. உள்ள விட மாட்டோம்னு சொன்னா அதுவே உங்களுக்குப் பதில். விசிட்டிங் டைம் வெச்சுக்கறது நியாயம்தான், ஆனா சேக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட ராத்திரி பாக்கக் கூடாதுங்கற இடத்துல நான் யாரையும் விட மாட்டேன்.

எத்தனை பேஷண்ட், ராத்திரி எத்தனை ஆளு, அதுல படிச்ச நர்ஸ் யாராவது உண்டா, இல்ல ஆயாம்மா மட்டும்தானா? இன்சுலின் யாரு போடறாங்க? ராத்திரி மூச்சுத்திணறல் வந்தா யாருக்கு முதல்ல போன் பண்ணுவீங்க, எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவீங்க, கூட யாரு வருவாங்க? இதை மேனேஜர்கிட்டயும் கேளுங்க, தனியா ஒரு ஆயாம்மாகிட்டயும் கேளுங்க. ரெண்டு பதிலும் ஒத்துப்போகணும்.

சாப்பாடு ஊட்டறதை நின்னு பாருங்க, அஞ்சு நிமிஷம் போதும். நான் பாத்ததுல ஒரு ஆயாம்மா இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்காங்க. வலது பக்கம் விழுந்துபோன ஒரு தாத்தாவை நல்லா நிமித்தி உக்கார வெச்சு முதுகுக்குத் தலகாணி முட்டுக்குடுத்து, இடது பக்கமா ஒரு ஸ்டூல் போட்டு அவரு கண்ணு மட்டத்துக்கு இவங்களும் உக்காந்துட்டாங்க. கால் ஸ்பூன் ரசஞ்சாதம்தான் ஒரு வாய்க்கு. ஊட்டிட்டு ஸ்பூனை அப்படியே வெச்சுக்கிட்டு அவரு தொண்டைக்குழியைப் பாக்கறாங்க, அது மேல ஏறி எறங்குனதுக்கப்புறம்தான் அடுத்த வாய். நடுவுல "அய்யா, ஒரு ஆ சொல்லுங்க"ன்னு குரல் கரகரங்குதான்னு கேட்டாங்க. முடிச்சதும் விரல்ல துணி சுத்தி வலது கன்னத்துக்குள்ள சோறு ஒதுங்கி இருக்கான்னு தொடச்சு எடுத்தாங்க. அவங்க எங்கயும் படிச்சவங்க இல்ல, பிசியோ சொல்லிக் குடுத்ததுன்னாங்க. அந்த ஹோம் கட்டடம் சுமார்தான், பெயிண்ட் உரிஞ்சு கெடந்துச்சு, ஆனா எங்க மாமனாரை அங்கதான் சேத்தோம். அதுக்கு முன்னாடி பாத்த இன்னொரு இடத்துல ஏசி ரூம், டிவி, மீன் தொட்டி எல்லாம் இருந்துச்சு, ஒரு பாட்டிக்குப் படுக்க வெச்சே டம்ளர்ல தண்ணி ஊத்திட்டு இருந்தாங்க, அந்தம்மா இருமிக்கிட்டே இருக்காங்க, யாரும் நிறுத்தல.

அடுத்தது தூக்கறது. பக்கவாதம் வந்த கையைப் புடிச்சு இழுத்துத் தூக்குனா தோள்மூட்டு எறங்கிப்போயிரும், அப்புறம் வர்ற வலியில பிசியோவே பண்ண விடமாட்டாங்க. இடுப்புல பெல்ட்டோ துண்டோ கட்டி, இல்ல இடுப்பைப் புடிச்சு தூக்கறாங்களான்னு பாருங்க. கூப்பிடற விதத்தையும் கவனிங்க. அய்யா, அம்மா, தாத்தா, பாட்டின்னு மரியாதையா கூப்பிடறாங்களா, இல்ல பெட் நம்பரைச் சொல்லியும் ஒருமையிலயும் கத்தறாங்களா. நாம நிக்கறப்பவே கத்தறாங்கன்னா நாம இல்லாதப்ப எப்படி இருக்கும்.

ஃபினாயில் வாடை பரவால்ல, மூத்திர வாடை எல்லா ரூம்லயும் இருந்தா பேம்பர்ஸ் நேரத்துக்கு மாத்தறதில்லன்னு அர்த்தம். பெட்ல கட்டிப்போட்டிருக்காங்களான்னு பாருங்க. டிமென்ஷியா உள்ளவங்க ராத்திரி எழுந்து நடப்பாங்க, அதுக்காகக் கையைக் கட்டற இடம் வேண்டாம். கேட் பூட்டி, ராத்திரி விளக்கு போட்டு, கூட நடந்து போயி திரும்பக் கூட்டிட்டு வர்ற இடமாப் பாருங்க.

சாப்பாட்டுல புரோட்டீன் இருக்கான்னு பாக்கணும். நம்ம ஊர்ல ஜவ்வரிசிக் கஞ்சி ஈசியா முழுங்க வருதுன்னு மூணு வேளையும் அதையே குடுத்துருவாங்க, அது மாவுச்சத்துதான், புண்ணு ஆறறதுக்கும் சதை ஏறறதுக்கும் பருப்பு, முட்டை, பால், தயிரு, சாப்பிடறவங்களா இருந்தா மீனும் கோழியும் வேணும்.

காசு விஷயம்

மாசக் கட்டணம் இவ்வளவுன்னு ஒரு தொகை சொல்லுவாங்க. அதுல எது எது சேர்ந்தது, எது தனின்னு எழுதி வாங்குங்க. பிசியோ தினமுமா, வாரத்துல மூணு நாளா, ஒரு தடவைக்கு எவ்வளவு? டாக்டர் விசிட் தனியா? பேம்பர்ஸ், கையுறை, பெட்ல விரிக்கற அண்டர்பேட், மாத்திரை நாம வாங்கித் தரலாமா, இல்ல அவங்ககிட்டதான் வாங்கணுமா? அவங்ககிட்டதான் வாங்கணும்னா எம்ஆர்பிக்கே போடுவாங்க, வெளிய ஹோல்சேல்ல வாங்குனா நல்லாவே கம்மியாகும். ஆம்புலன்ஸ் யாரு செலவு? நடுவுல ஆஸ்பத்திரில பத்து நாள் அட்மிட் ஆனா அந்த நாளுக்கும் ஹோம் காசு உண்டா? அட்வான்ஸ் திரும்பக் கெடைக்குமா, எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்? அட்வான்ஸ்லதான் சண்டை வரும், அதனால ரசீதுலயே எழுதச் சொல்லுங்க.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தா, வருஷ வருமானம் 1,20,000க்குள்ள உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு ஆகும். மாசக்கணக்குல ஹோம்ல தங்கற செலவுக்கு அது ஆகாது. தனியார் மெடிக்ளெய்மும் பெரும்பாலும் அப்படித்தான், ஆனா டிஸ்சார்ஜுக்கு அப்புறம் இத்தனை நாள் வரைக்கும் மாத்திரை, டெஸ்ட், சிலதுல பிசியோவும் தருவாங்க, பாலிசியை எடுத்துப் படிச்சுட்டு ஒவ்வொரு பில்லும் டாக்டர் சீட்டும் சேத்து வைங்க.

பென்ஷன் வாங்கறவங்கன்னா ஆயுள் சான்றிதழ் ஞாபகம் இருக்கட்டும். சென்ட்ரல் கவர்ன்மென்ட் பென்ஷன்னா நவம்பர் மாசம், 80 வயசு தாண்டுனவங்க அக்டோபர்லயே குடுக்கலாம். இப்ப போன்லயே முகத்தைக் காட்டி ஜீவன் பிரமாண்ங்கற டிஜிட்டல் ஆயுள் சான்றிதழ் எடுக்கலாம், கைரேகை விழாதவங்களுக்கு அது பெரிய உதவி. பேங்க்ல கையெழுத்து போட முடியற நெலமையில இருக்கறப்பவே ஜாயிண்ட் அக்கவுண்ட் பண்ணிருங்க. ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் எந்த ஹோம்லயும் குடுக்காதீங்க, மூக்குத்தி தோடு வளையல் எல்லாம் கழட்டி வீட்டுல வெச்சுட்டுக் கூட்டிட்டுப் போங்க.

அவங்ககிட்ட எப்படிச் சொல்றது

இதுக்குத்தான் எல்லாரும் பயப்படறாங்க. நாலு பேரு என்ன பேசுவாங்க, பெத்தவங்களைக் கொண்டுபோய் தள்ளிட்டான்னு சொல்லுவாங்களேன்னு. அப்படிப் பேசற சொந்தக்காரங்க ஒரு ராத்திரி வந்து பேம்பர்ஸ் மாத்திட்டுப் போகப்போறதில்ல. படுக்கைப்புண் வந்து வீட்டுல கெடக்கறதைவிட, நல்லா பாத்துக்கற இடத்துல இருக்கறது அவங்களுக்கு நல்லதுன்னு நீங்க மனசார நம்பணும், நீங்க தயங்குனா அவங்களும் பயந்துருவாங்க.

"ரெண்டு நாள்ல வந்து கூட்டிட்டுப் போறேன்"னு பொய் சொல்லி மட்டும் விடாதீங்க. எங்க பெரியம்மா ரூம்ல இருந்த இன்னொரு அம்மாவை அவங்க பையன் அப்படித்தான் விட்டுட்டுப் போனாரு, அந்தம்மா தெனமும் பொழுது சாயறப்ப துணிமணியை மூட்டை கட்டி மடியில வெச்சுக்கிட்டு வாசலையே பாத்துட்டு உக்காந்திருப்பாங்க, சாப்பிடக் கூப்பிட்டா "எம்பையன் வர்ற நேரம், அப்புறம் சாப்பிட்டுக்கறேன்"ம்பாங்க. உண்மையைச் சொல்லுங்க. "அம்மா, நீங்க நடக்கற வரைக்கும் இங்க இருங்க, பிசியோ இங்கதான் நல்லா பண்றாங்க, நான் வாரத்துக்கு மூணு நாள் வருவேன், செவ்வாய், வியாழன், ஞாயிறு"ன்னு நாளோட சொல்லுங்க, சொன்ன நாள்ல போங்க. முடியாதுன்னா முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லுங்க. புத்தி தெளிவா இருக்கறவங்கன்னா ரெண்டு மூணு இடத்தை அவங்களையே கூட்டிட்டுப் போயி காட்டி எதுன்னு கேளுங்க. வேண்டவே வேண்டாம்னு உறுதியாச் சொன்னா வீட்டு நர்ஸ் வெச்சுப் பாக்கற வழியை முதல்ல யோசிங்க.

சேக்கற அன்னிக்குக் காலையிலேயே போயிருங்க, சாயங்காலம் வேண்டாம். புது இடத்துல இருட்டுனதும் குழம்பிப்போவாங்க. கண்ணாடி, காது மெஷின், பல்செட்டு மூணுலயும் பேரு எழுதுங்க, இதுதான் அதிகமா தொலையும். முன்னாடி திறக்கற நைட்டி, இழுத்துக் கட்டற லுங்கி, வீட்டுப் போர்வை, சாமி படம், பேரப்புள்ளைங்க போட்டோ. அவங்களைப் பத்தி ஒரு பக்கம் எழுதி பெட்டுகிட்ட ஒட்டுங்க: எப்படிக் கூப்பிட்டா புடிக்கும், காபியா டீயா, எந்தப் பக்கம் காது கேக்காது, எதுக்குக் கோவம் வரும். எங்க மாமனாரு வெள்ளிப் பட்டறையில வேலை பாத்தவரு, அதை எழுதி ஒட்டுனதுக்கப்புறம் பிசியோ தம்பி கைப்பயிற்சிக்குப் பந்தைக் குடுக்காம கொலுசு மணியைக் கோக்கக் குடுத்தாரு. பந்தைத் தூக்கி எறிஞ்சவரு இதை உக்காந்து கோத்தாரு.

சேத்ததுக்கப்புறம் பாக்க வேண்டியது

ஒவ்வொரு தடவை போறப்பவும் குதிகாலையும் இடுப்புக்குக் கீழ முதுகு முடியற எடத்தையும் பாருங்க, கூச்சப்படாதீங்க, போர்வையை விலக்கிப் பாருங்க. செவந்திருந்தா விரலால அமுக்கி எடுங்க. வெளுத்துட்டு மறுபடி செவந்தா பரவால்ல, அமுக்குனாலும் நெறம் மாறலைன்னா படுக்கைப்புண் ஆரம்பிச்சுருச்சு. கருப்பா இருக்கறவங்களுக்குச் செவப்பு தெரியாது, அந்த இடம் இன்னும் கருத்து, சூடா, கெட்டியா இருக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டணும், ராத்திரியும்தான். ஏர் பெட் போட்டாச்சுங்கறதால புரட்டாம விடக்கூடாது. செவந்த இடத்துல அழுத்தித் தேய்க்கறதும் ஸ்பிரிட் போடறதும் பழைய பழக்கம், அது புண்ணை அதிகமாக்கும். புரட்டுன நேரம் எழுதற சார்ட் இருக்கான்னு கேளுங்க, இருந்தா ராத்திரி ஒரு மணி, மூணு மணிக்கு என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. எல்லாம் ஒரே பேனாவுல ஒரே மூச்சுல எழுதுன மாதிரி இருந்தா உக்காந்து பேச வேண்டிய நேரம்.

மாசம் ஒருதடவை எடை. தெளிவா பேசிட்டு இருந்தவங்க திடீர்னு ஒரு நாள் ஒளறுனாலோ தூங்கிக்கிட்டே இருந்தாலோ "வயசாயிருச்சு"ன்னு விட்டுராதீங்க, மூத்திரத்துல இன்ஃபெக்ஷன், உப்பு கொறையறது, சுகர் எறங்கறது, புதுசா குடுத்த தூக்க மாத்திரை, இதுல ஏதோ ஒண்ணா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. அன்னிக்கே டாக்டரைப் பாக்கணும். அமைதியா இருக்கறதுக்காக நமக்குத் தெரியாம தூக்க மாத்திரை குடுக்கறாங்களான்னு மாத்திரை சார்ட்டை டிஸ்சார்ஜ் சம்மரியோட வெச்சுப் பாருங்க. வாய் கோணுறது, கை விழறது, பேச்சு கொழறுறது தெரிஞ்சா உங்களுக்குப் போன் பண்ணி அனுமதி கேட்டுட்டு உக்காராம நேரா 108ஐக் கூப்பிடச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் குடுங்க. அடைப்பைக் கரைக்கற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன், அது கடைசியா நல்லா இருந்த நேரத்துல இருந்து கணக்கு.

குறை இருந்தா முதல்ல பொறுப்பாளர்கிட்ட, ஆயாம்மாகிட்ட கத்தாதீங்க. ஒரு ஆளா இருபது பேரைப் பாக்கறது அவங்க தப்பு இல்ல, வெச்சவங்க தப்பு. அடிச்ச தடம், காரணம் சொல்லாத காயம், பட்டினி இதெல்லாம் இருந்தா போட்டோ எடுத்துட்டு அன்னிக்கே வெளிய கூட்டிட்டு வந்துருங்க, அப்புறம் மாவட்ட சமூகநல அலுவலகத்துல எழுதிக் குடுங்க. முதியோருக்கான உதவி எண் 14567, காசு கிடையாது.

சொத்து எழுதி வாங்கிட்டு பாக்காம விட்ட கேஸும் இருக்கு. அந்தப் பெரியவங்களுக்குத் தெரிய வேண்டியது: பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, அதுல 23வது பிரிவு. பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோட எழுதிக் குடுத்திருந்தா, பாத்துக்கலைன்னா அந்தப் பத்திரத்தை ரத்து பண்ணச் சொல்லி வருவாய் கோட்டாட்சியர்கிட்ட (ஆர்டிஓ) மனு குடுக்கலாம். பராமரிப்புத் தொகையும் அங்கயே கேக்கலாம், வக்கீல் இல்லாமயே.

கூடப் பாத்துக்கற ஆளும் மனுஷங்கதான். பெரும்பாலும் அது மருமகளோ மகளோ. தூக்கம் வராம, அழுகையா வந்தா அரசு மனநல உதவி எண் டெலிமானஸ் 14416க்குப் பேசுங்க, தமிழ்லயே பேசுவாங்க. அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாரும் யாரு எந்த நாள் போறது, யாரு எவ்வளவு காசுன்னு முதல் வாரத்துலயே உக்காந்து பேசிருங்க. ஆறு மாசம் கழிச்சு பேசுனா அது பேச்சா இருக்காது, சண்டையா இருக்கும்.

வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றப்ப

ரிஹாப் முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே பிசியோவை வீட்டுக்கு ஒருதடவை கூட்டிட்டு வந்து காட்டுங்க, இல்லைன்னா வீடியோ எடுத்துட்டுப் போங்க. குகை, அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுன்னா நெலப்படி ஒசரமா இருக்கும், பாத்ரூம் கதவு குறுகலா இருக்கும். நெலப்படிக்குச் சாய்வா ஒரு பலகை அடிக்கணும். கட்டில் ஒசரம் உக்காந்தா பாதம் தரையில முழுசா படற அளவுக்கு இருக்கணும். டாய்லெட் மாத்த முடியலைன்னா கமோட் சேர் போதும். கைப்பிடி அடிக்கறப்ப நல்லா இருக்கற கைப் பக்கமா அடிங்க, கொத்தனாரு அவருக்கு வசதியான செவுத்துல அடிச்சுட்டுப் போயிருவாரு. மிதியடி, கால் தொடைக்கற சாக்கு எல்லாத்தையும் எடுத்துருங்க, பாத்ரூம் போற வழியில ராத்திரி ஒரு சின்ன பல்பு எரியட்டும். வாக்கரோட ரப்பர் புஷ் தேஞ்சிருக்கான்னு பாத்து மாத்துங்க, ஈரத் தரையில அதுதான் வழுக்கும்.

வந்த முதல் வாரம் ஹோம்ல பாத்துக்கிட்ட அதே ஆளை ராத்திரிக்கு மட்டுமாவது வெச்சுக்க முடிஞ்சா வெச்சுக்கோங்க, அவங்க தூக்கற கை இவங்களுக்குப் பழகியிருக்கும். பிசியோ நிக்கக் கூடாது, அங்க காலையில பத்து மணிக்குப் பண்ணிட்டு இருந்தாங்கன்னா இங்கயும் பத்து மணிக்கே. அடுத்த ரிவியூ தேதியை டிஸ்சார்ஜ் அன்னிக்கே வாங்கி காலண்டர்ல குறிச்சு வெச்சுருங்க.